ஜேக்வெரி: ஜெயித்ததாலேயே தேவையில்லாமல் போன கருவி

"இந்த வருஷம் கத்துக்க வேண்டிய ஃபிரேம்வொர்க்குகள்" என்று வருஷாவருஷம் ஒரு பட்டியல் வந்துவிடும். 2006-ல் அப்படி ஒன்று போட்டிருந்தால் ப்ரோட்டோடைப், டோஜோ, மூடூல்ஸ், ஒய்யூஐ, ஜேக்வெரி எல்லாம் அதில் இருந்திருக்கும். இன்றைக்கு நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர் கடைசி ஒன்றுதான். ஏன்?

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்கணும், அவ்வளவுதான். அதற்கு பயர்பாக்ஸில் ஒரு கட்டளை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வேறொரு கட்டளை. ஒரே வேலைக்கு இரண்டு முறை கோட் எழுதணும். இதற்கிடையில் 2004-ல் ஜிமெயில், 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தன. பக்கத்தை மறுபடி லோட் செய்யாமலே உள்ளே இருப்பது மாறுவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் தளத்திலும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள்.

2006 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த பார்கேம்ப் கூட்டத்தில் ஜான் ரெசிக் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தினார். பிரவுசர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை அது உள்ளேயே மறைத்துக்கொண்டது. அதைவிட முக்கியமானது, பக்கத்தில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்க சிஎஸ்எஸ் எழுதுகிற முறையையே பயன்படுத்தியது. அதாவது, டிசைனருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழி! 2008-ல் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் இதை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தன.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஜேக்வெரி காட்டிய வசதிகள் ஒவ்வொன்றாக பிரவுசருக்குள்ளேயே வந்துவிட்டன. சிஎஸ்எஸ் முறையில் தேர்ந்தெடுக்கும் வசதி 2009-ல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-லேயே இருந்தது. சர்வரிலிருந்து தகவல் வாங்க 'ஃபெட்ச்' பின்னால் வந்தது. 2018-ல் கிட்ஹப் தன் தளத்திலிருந்து ஜேக்வெரியை எடுத்தபோது, அந்த இடத்தில் வேறு ஃபிரேம்வொர்க் எதையும் வைக்கவில்லை. பிரவுசரே போதுமானதாக இருந்தது. 2021-ல் பூட்ஸ்டிராப் 5-ம் ஜேக்வெரியை விட்டுவிட்டது.

ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்ட ரியாக்ட் எடுத்துக்கொண்டது வேறு பிரச்சினை. தகவல் மாறினால் அது தெரிகிற ஒவ்வொரு இடத்தையும் நாமே தேடிப்போய் மாற்றுவது ஜேக்வெரி வழி. பெரிய அப்ளிகேஷனில் ஒரு இடத்தை விட்டுவிட்டால் மேலே "3 புது செய்தி", கீழே "2" என்று காட்டும். தகவல் மாறினால் திரை தானாக மாறட்டும் என்றது ரியாக்ட்.

இன்னொரு கதையும் உண்டு. 2010-ல் வந்த கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பி நிறைய பேர் பெரிய தளங்களைக் கட்டினார்கள். 2016-ல் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் வேறு அமைப்பு. பழைய கோட் அப்படியே அதில் ஓடாது. பழையதற்கான ஆதரவும் 2021 முடிவோடு நின்றது. அந்த ஃபிரேம்வொர்க்கின் சொந்த விதிகளை மட்டும் கற்றவர்கள் பாதியை மறுபடி கற்க வேண்டியிருந்தது. அடியில் இருந்த ஜாவாஸ்கிரிப்டைப் புரிந்துகொண்டவர்களுக்கு அந்த அறிவு வீணாகவில்லை.

அதனால் புதுக் கருவி வரும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. இது பிரவுசரில் இருக்கிற எந்தக் குறையை நிரப்புது? நாளைக்கு பிரவுசரே அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டால், நான் கற்றதில் எது மிஞ்சும்?

ஜேக்வெரி இன்னும் சாகவில்லை. வேர்ட்பிரஸ் இன்றும் அதைக் கூடவே கொடுக்கிறது. பழைய தளம் ஒன்றைப் பராமரிக்கும் வேலை கிடைத்தால், அந்த டாலர் குறி உங்களை வரவேற்க நிறையவே வாய்ப்பிருக்கு.