எண்ணும் எழுத்தும், ஆடலும் பாடலும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி போன்ற ஊர்களில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சாமி, கூட்டல் கழித்தலே வராத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஆட்டமும் பாட்டும் எதற்கு?”

நியாயமான கேள்வியே. கூலிக்குச் சென்று பிள்ளையைப் படிக்க வைப்போருக்கு எழுத்தே விடுதலை. ஆயினும் எழுத்து ஒருபுறம், கலை மறுபுறம் என்ற பிரிவினை எவ்வாறு வந்தது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்ற விவரத்தை 1826இல் பதிவு செய்தார். அந்தத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். நீதி நூல்களையும் எண்சுவடியையும் ஓசையோடு முறைசொல்லி மனத்தில் இருத்தினர். நவராத்திரியில் பாட்டும் கோலாட்டமுமாக வீடு வீடாகச் சென்று ஆசிரியருக்குக் காணிக்கை பெற்றனர். ஆனால் அது பொற்காலமன்று. பிரம்புக்கு அஞ்சியே பலர் படித்தனர். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. திண்ணையேற இடம் பெறாதோரும் பலர்.

சென்னை எழும்பூரில் 1789இல் அனாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, மணலில் எழுதும் முறையை இங்கே கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். பின்னர் அதை இங்கிலாந்துக்கும் எடுத்துச் சென்றார். அதே இங்கிலாந்து 1862இல் வேறொரு முறையை வகுத்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம் என்பது அது. தேர்ச்சிக்கேற்ற மானியம் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. எதற்குப் பணம் கிடைத்ததோ அதுவே பாடமாயிற்று. பாட்டும் ஓவியமும் ஓரத்திற்குத் தள்ளப்பட்டன.

மறுபுறத்து ஆபத்தையும் நாம் மறத்தலாகாது. 1953இல் முதல்வர் இராஜாஜி, பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். கைத்திறன் கல்வியாகலாம், ஆனால் அது பிறப்போடு கட்டப்பட்டபோது ஏழையின் எழுத்தைப் பறிப்பதாயிற்று. ‘குலக்கல்வி’ என்று மக்கள் அதை எதிர்த்தனர். விருதுநகர் மண்ணின் மைந்தர் காமராசர் முதல்வரானதும், 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெற்றோரின் இன்றைய அச்சத்தில் அந்த நினைவும் கலந்திருக்கிறது அன்றோ?

கலைக்கு நாம் தந்த இடம் எத்தகையது? 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் ஊதியம் சற்று உயர்ந்தது எனினும், ஆசிரியரே அரைநாள் விருந்தினர் என்றால் அவர் கற்பிக்கும் கலையும் விருந்தாளிதானே?

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அனைவரும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது இலக்கு. அதற்கு வழியாகப் பாடலும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்தன. அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் அதே கல்வியாண்டில் பிறந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் கலை எழுத்துக்கு ஏணியாக மட்டும் நின்றுவிடலாகாது. ஆண்டுக்கொரு விழாவோடு முடிந்துவிடவும் கூடாது. அதற்கென வாரந்தோறும் ஒரு பாடவேளையும் முழுநேர ஆசிரியரும் வேண்டும்.

கும்மியடிக்கும் சிறுமியைப் பாருங்கள். அவள் அடியை எண்ணுகிறாள். சொல்லை நினைவில் வைக்கிறாள். அடுத்தவள் கைக்காகக் காத்திருக்கிறாள். முதலிரண்டையும் தேர்வு அளக்கக்கூடும். மூன்றாவதை எத்தேர்வு அளக்கும்?

ஆகவே, பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் பெற்றோர் இரு கேள்விகளைச் சேர்த்தே கேட்கட்டும்: “என் பிள்ளை தானாக ஒரு பக்கம் வாசிக்கிறாளா? இந்த வாரம் அவள் என்ன வரைந்தாள், என்ன பாடினாள்?” ஒன்றுக்கு விடை கிடைத்ததென்று மற்றதைக் கேளாமல் எழுந்துவிட வேண்டாம்.