கூலி எது, கூலி யார்?

கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா என்று பலர் இன்னும் பழைய பெயரிலேயே சொல்லும் சாலையில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே சிலாங்கூர் செயலகக் கோப்புகளைப் புரட்டுகிறவர்கள் ஒரு சொல்லிடமிருந்து தப்பவே முடியாது. கூலிகள் வந்து சேர்ந்தார்கள், கூலிகள் ஓடிப்போனார்கள், கூலிகள் காய்ச்சலில் கிடக்கிறார்கள், கூலிகளுக்கு லயம் கட்ட வேண்டும். எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள், மொழியும் ஆங்கிலம். அந்த ஒரு சொல்லை மட்டும் நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுபோல் இருக்கிறது.

நான் தேடிப் போனது தோட்டச் சம்பளக் கணக்கை. இடறியது இந்தச் சொல்லின் பன்மை. தமிழில் 'நூறு கூலி' என்றால் நூறு வெள்ளி. இந்தக் கோப்புகளிலோ நூறு கூலி என்றால் நூறு பேர். பணம் எங்கே, எப்போது ஆளாக மாறியது? கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு இதன் பின்னால் போனேன்.

முதலில் நம் பக்கம். திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளில் இந்தச் சொல் இருக்கிறது. உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பலன் என்பதே அங்கே பொருள். உழைப்புக்கும் ஈட்டுக்கும் நடுவே தெய்வமே குறுக்கே நிற்க முடியாத ஓர் உரிமையாக வள்ளுவர் அதை வைக்கிறார். தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்பதிலிருந்து கூலி வந்தது, கூலமாக அளந்து கொடுத்ததால் அப்பெயர் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நெல்லளந்த ஊர்களில் நம்பவும் தோன்றும். ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது என்பதால் அதை ஒரு ஓரமாக வைத்தேன்.

பொருள் எவ்வளவு விரிந்தாலும் தமிழில் அது பணத்தைச் சுற்றியே விரிகிறது. வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையல்கூலி, நாட்கூலி. மனம் ஒட்டாத வேலைக்குக் கூலிக்கு மாரடிப்பது. காசுக்குக் கொலை செய்யும் கும்பலுக்குக் கூலிப்படை. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவின் நகைக்கடைகளில் ஏறினால் செய்கூலி. அங்கே பேரம் பேசும் அக்காக்கள் யாரும் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. அதே தெருவில் ஒருவரைப் பார்த்து 'கூலி' என்று கூப்பிட்டுப் பாருங்கள்! தமிழ் மரபில் ஆளைச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும்: கூலியாள், கூலிக்காரர். ஆளுக்கும் பணத்துக்கும் நடுவே மொழியே ஒரு இடைவெளி விட்டு வைத்திருந்தது.

அகராதிக்காரர்களிடம் போனால் வழக்கு சூடு பிடிக்கிறது. 1855இல் வந்த வில்சனின் சொற்களஞ்சியம், ஆங்கிலத்தின் 'கூலி'க்கு மூலம் தமிழ்தான் என்கிறது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அப்படிச் சுலபமாக விட்டுவிடவில்லை. குஜராத்திலும் கொங்கணத்திலும் வாழும் கோலி என்ற சாதியாரின் பெயரே போர்ச்சுக்கீசியர் வாயில் ஏறி, கடலோரமாகத் தெற்கே வந்தது என்ற பக்கமாக அது சாய்கிறது. தெற்கே வந்த இடத்தில் அதே ஒலியில் ஒரு தமிழ்ச் சொல் காத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

தமிழன் என்பதால் வில்சன் பக்கம் நிற்க ஆசைதான். ஆனாலும் எனக்கு இந்தக் கலப்புக் கதையே சரியாகப் படுகிறது. தமிழ்ச் சொல் தனியாகப் பயணம் செய்திருந்தால் கூடவே பணம் என்ற பொருளும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஐரோப்பியர் பேச்சில் அது எங்கும் இறங்கக் காணோம். ஆள் மட்டுமே இறங்குகிறார். ஒரு சாதியின் பெயரும் ஓர் ஊதியத்தின் பெயரும் மோதிக்கொண்டபோது பிழைத்தது சாதியின் இலக்கணம் என்றே சொல்வேன்.

மலாய் மொழி இதற்கு நல்ல சாட்சி. மலாயில் 'கூலி' என்றால் உடலுழைப்புத் தொழிலாளி. ஊதியத்துக்கு 'ஊப்பா' என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழர் நகைக்கடையில் செய்கூலி என்று கேட்பதை மலாய் வாடிக்கையாளர் ஊப்பா என்றுதான் கேட்பார். 'கடை'யை 'கெடாய்' என்றும் கப்பலைக் 'கபால்' என்றும் பொருள் சிதையாமல் வாங்கிக்கொண்ட மொழி, கூலியில் மட்டும் ஆளை எடுத்துக்கொண்டு காசை விட்டுவிட்டது. எதிர்ச்சாட்சி சிங்களம்: அங்கே 'குலிய' என்றால் இன்றும் வாடகை, பணம்தான். சீன மொழியில் இதே ஒலியை எழுத இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். அவற்றின் பொருள் கசப்பு, வலிமை. ஒலிக்காகப் பிடித்த எழுத்துகள் இவ்வளவு பொருந்திப்போனதால், சொல்லே சீனத்தில் பிறந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு.

டச்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1880இல் சுமத்ராவின் கிழக்குக் கரைத் தோட்டங்களுக்கு அவர்கள் போட்ட சட்டத்தின் பெயரே கூலிச் சட்டம். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குத் தண்டனை தர அதில் இடமிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தொழிலாளி, வணிகர் என்ற வேறுபாடெல்லாம் போய் இந்தியர் எல்லோருமே கூலி ஆனார்கள்; காந்தி 'கூலி பாரிஸ்டர்'. அவரே சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கூடவே 'சாமி' என்ற வசையையும் குறிப்பிடுகிறார். தமிழர் பெயர்களின் வாலில் இருந்த சாமியைப் பிடித்து அங்குள்ள வெள்ளையர்கள் இழிசொல் ஆக்கிக்கொண்டார்கள். சாமி என்றால் எஜமான், நான் உன் எஜமான் அல்லவே என்று சமயோசிதம் உள்ளவர்கள் திருப்பிக் கொடுத்தார்களாம்.

ஆக, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர் மலாயாவில் கால் வைத்தபோது, சொந்த மொழியின் சொல் தனக்கு முன்பே அங்கு வந்து தன் பெயராகக் காத்திருப்பதைக் கண்டார். தோட்ட நிர்வாகமும் அதற்கேற்பவே நடந்தது. ஆள் பிடித்து வந்த கங்காணிக்கு 'தலைக்காசு' என்று ஒரு வரும்படி உண்டு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அவருடைய ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கு இத்தனை காசு. இந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆளே எண்ணிக் கொடுக்கும் அலகு ஆகிவிட்ட இடத்தில், பணத்தின் பெயர் ஆளின் பெயராவதற்கு அகராதியின் உதவி தேவையில்லை.

வேலை ஏணியில் கூலிக்கு மேலே இருந்தவர் கிராணி என்ற எழுத்தர், மலாயில் கெரானி. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அவருடைய ஊர். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்தப் பகுதியில் ரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் பேனா பிடித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் அதன் சுற்றுவட்டாரத்தில் குடியேறிக் கந்தசுவாமி கோயிலும் கட்டினார்கள். கிராணி வாங்கியது சம்பளம், கீழே இருந்தவர் வாங்கியது கூலி. இரண்டும் தமிழர் கைக்கு வந்த வெள்ளிதான். ஆனால் சம்பளம் வாங்கியவரை யாரும் 'சம்பளம்' என்று கூப்பிடவில்லை.

சொல்லின் இரண்டு பொருளும் நேருக்கு நேர் மோதியது கிள்ளானில், 1941இல். 1938இல் மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டதை ஒட்டி, உதவித்தொகையோடு ஆட்கள் வருவதை இந்திய அரசு தடுத்திருந்தது. போரால் ரப்பருக்குத் தேவை ஏறியது, புதிய ஆள் வரவோ இல்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனும் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் முதலில் பணம்: சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. தொடர்ந்து கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துதல். அவற்றோடு, துரையோ மேலதிகாரிகளோ எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிப்போகும் அனுமதி.

வரலாற்று நூல்கள் இந்தச் சைக்கிள் கோரிக்கையை ஒரு வினோதச் செய்தியாகத் தொட்டுவிட்டுப் போகின்றன. நான் அதையே பட்டியலின் மையமாகப் படிக்கிறேன். சைக்கிளில் போகிறவர் ஒரு காசும் கேட்கவில்லை. கூலி என் கைக்கு வரவேண்டிய பணம், நான் அல்ல என்கிறார்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார், வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலையை அறிவித்து அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள்.

போருக்குப் பிறகு பெயர் மாறியது. 1954இல் பல தொழிற்சங்கங்கள் இணைந்து உருவான சங்கத்துக்குத் தமிழில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் என்று பெயர். கூலி மீண்டும் வெறும் பணமாயிற்று. அதுவும் நாட்கணக்குப் பணமாகவே நின்றது. மழை பெய்து பால்வெட்டு இல்லாத நாளில் வருமானமும் இல்லை என்பதால், மாதச் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013 ஜனவரியில் நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்துக்கு விதித்த தொகை மாதம் 900 வெள்ளி.