கறுப்பு சிவப்பு ஓடு



தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாயிருந்த காலம், ஆண்டு 1993. மாணவன் ஒருவன் பானை ஓடொன்றைக் கொணர்ந்தான். கல்வட்டத்தருகே உழுதபோது கிடைத்ததாம். புறம் சிவப்பு, அகம் பளபளக்கும் கறுப்பு. “எவ்வளவு தேய்த்தாலும் கறுப்புப் போகவில்லையே, ஏன் ஐயா?” என்றான். “அடுப்புக்கரிதான், எறிந்துவிட்டு வா” என்றேன்.

என் விடை பிழை. பயன்படுத்தியபோது படிந்த கரியன்று அது. சூளையிலேயே ஏறிய நிறம். கலத்தைக் கவிழ்த்துச் சுடுங்கால், காற்றுப்படும் புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றுப் புகாத அகத்தில் புகையின் கரி ஊறிக் கறுக்கும்.

அந்தக் கறுப்புக்குள்ளும் ஒரு செய்தி ஒளிந்திருக்கக்கூடும் என்பதைக் கீழடி உணர்த்தியது. சிவகங்கை மாவட்டத்து அவ்வூர் அகழாய்வில் கிடைத்த ஓடுகளின் கரிய உட்பூச்சை, வேலூர் தொழில்நுட்பக் கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2020-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பூச்சினுள் கரியணுக்களாலான நுண்குழாய்கள் இருந்தன. அவற்றின் சராசரி விட்டம் ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். நம் தலைமயிரோ பல்லாயிரம் நானோமீட்டர் பருமன் உடையது. ஓடுகளின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் கொண்டு செல்கின்றனர். அதற்குமுன், 2006-இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து அறிஞர்கள் 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றில் இத்தகைய குழாய்களைக் கண்டிருந்தனர். இடைவெளி ஈராயிரம் ஆண்டுக்கு மேல்!

ஜப்பானிய அறிஞர் சுமியோ இயிஜிமா 1991-இல் விரித்துரைத்த பின்னரே உலகம் இக்குழாய்களைக் கூர்ந்து நோக்கலாயிற்று. இன்று இவற்றைப் பிசின்களோடு கலந்து, வலிமை மிக்க மென்படலங்களைச் செய்கின்றனர். ஆயினும் கீழடிக் குயவர் நானோ விஞ்ஞானம் அறிந்திருந்தார் எனச் சிலர் மேடையில் முழங்குவதை நான் ஏலேன். தாவரச் சாறு போன்றதொன்றைப் பூசி, மிகுந்த வெப்பத்தில் சுட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர் ஊகம். குயவர் அறிந்தது பூச்சு நிற்கிறது என்பதை. ஏன் நிற்கிறது என்பதையன்று. அந்த ‘ஏன்’ என்பதைத்தான் என் மாணவன் கேட்டான்.

அண்மையில் அவனைத் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் கண்டேன், தலை நரைத்திருந்தது. ஓட்டை எறிந்துவிட்டாயா என்று கேட்டேன். “இல்லை ஐயா, கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தேன். மச்சு வீடு கட்டும்போது இடிபாட்டோடு போய்விட்டது” என்றான்.