மழுங்கிய கருவியும் வலிக்கிற மணிக்கட்டும்

நம் கல்லூரி கார்பென்டரி ஷாப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மழுங்கிய உளியோடு நான் மாங்கு மாங்கென்று மல்லுக்கட்டியபோது ஷாப் சார் சொன்னார்: "முதல்ல உளியைத் தீட்டுப்பா. பலத்தை அப்புறம் காட்டலாம்."

பல் ஆஸ்பத்திரியில் டென்டல் ஹைஜீனிஸ்டாக இருக்கும் என் அக்கா, "மணிக்கட்டு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுடா" என்றபோது அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அவள் தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்த தொழில் அது. 1906-இல் டாக்டர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், தம் உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பற்காரை எடுக்கக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் தம் கார் ஷெட்டிலேயே பள்ளி தொடங்கினார். மறு வருடம் 27 பெண்கள் தேறினார்கள். 1917-இல் முதல் லைசென்ஸ் ஐரீனுக்கே கிடைத்தது.

அந்தக் காலத்தில் நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வேலை செய்பவர் நின்றபடி குனிய வேண்டும். 1958-இல் ஜான் நாட்டன் சாய்வு நாற்காலி கொண்டுவந்தபின் நோயாளி படுத்தார், வேலை செய்பவர் உட்கார்ந்தார். முதுகுக்குக் கொஞ்சம் விமோசனம். ஆனால் கைக்கு?

மிச்சிகனைச் சேர்ந்த டாக்டர் கிளேட்டன் கிரேசி, ஒவ்வொரு பல் பக்கத்துக்கும் ஏற்றபடி வளைந்த க்யூரெட்டுகளை வடிவமைத்தார். கருவி வளைந்ததால் மணிக்கட்டை வளைக்கும் தேவை குறைந்தது. பிடி மட்டும் பல காலம் ஒல்லியாகவே இருந்தது. 2006-இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வு ஒன்று, 10 மி.மீ. தடிமனும் 15 கிராம் எடையும் உள்ள பிடிக்கு விரல் அழுத்தம் குறைவாகப் போதும் என்று காட்டியது. நம் பாஷையில் சொன்னால், டிசைனைத் திருத்த நூறு வருடம்!

இதெல்லாம் இருந்தும் முனை மழுங்கினால் பயனில்லை. மழுங்கிய க்யூரெட் காரையைப் பெயர்க்காமல் மேலே வழவழப்பாக்கிவிடும். கை இன்னும் அழுத்தும். பிளாஸ்டிக் குச்சியில் வைத்துப் பார்த்தால் கூர்முனை பற்றும், மழுங்கியது வழுக்கும். வெட்டுமுனைக் கோணம் 70 முதல் 80 டிகிரி கெடாமல் கல்லில் தீட்ட வேண்டும்.

அக்காவின் கருவிகளைப் பார்த்தேன். பாதி வழுக்கின. "என் கைதான் பலவீனம்னு நெனச்சேன்டா" என்றாள்.

கையில் குற்றமில்லை அக்கா. ஷாப் சார் அன்றே சொல்லிவிட்டார்.