இராசகாரிய ஒழிப்பும் கூலி உழைப்பின் தோற்றமும்

மரபுவழிச் சமுதாயங்கள் சந்தைப் பொருளாதாரத்துள் நுழைந்தமை வணிகப் பெருக்கத்தின் இயல்பான விளைவு எனக் கூறப்படுவதுண்டு. கண்டிப் பிரதேசத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு இக்கூற்றுக்கு முரணானது. அங்கு நிலச் சந்தையும் உழைப்புச் சந்தையும் அரச அதிகாரத்தின் துணையுடனேயே உருவாயின.

1815 இல் பிரித்தானியர் வசமான கண்டி இராச்சியத்தில் நிலவுடைமை ஊழியத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. நிலத்தை அனுபவித்தோர் அதற்கீடாக அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ, நிந்தகம பெற்ற பிரபுவுக்கோ ஊழியஞ் செய்தனர். அரசனுக்குரிய ஊழியமே இராசகாரியம். ஊழியத்தின் தன்மையைச் சாதி நிர்ணயித்தமையால் அம்முறையைப் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. ஆயினும் ஊழியஞ் செய்தவனுக்கு வயலும், காட்டில் சேனைப் பயிர் செய்யும் வழக்குரிமையும் இருந்தன.

கோல்புறூக்கின் விதப்புரைப்படி 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொண்டது. வழக்குரிமைக்கு எழுத்துச் சான்று காட்டுதல் கிராமத்தவர்க்கு அரிதாயிற்று. அக்காணிகள் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் குடியேற்ற அரசின் அதிகாரிகளும் இருந்தனர்.

நிலம் பண்டமாயிற்று, கிராமத்தவரின் உழைப்போ எளிதிற் பண்டமாகவில்லை. காடழிக்கும் ஒப்பந்த வேலையை ஏற்ற கண்டி விவசாயி, தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக இணங்கவில்லை. இதனைச் சோம்பல் எனத் துரைமார் இகழ்ந்தனர். வயலுள்ளவனுக்குத் தன் உழைப்பை விற்கும் நிர்ப்பந்தம் இருக்கவில்லை என்பதே உண்மை.

அந்நிர்ப்பந்தத்துக்கு ஆளாகியிருந்தோர் தென்னிந்தியத் தமிழ் மாவட்டங்களின் நிலமற்ற வறியோர். கங்காணிமார் வழியாக வந்த அவர்களுக்கு வழங்கப்பட்ட முற்பணமே கடனாயிற்று. பிற்காலத்தில் தொழிலாளர் குழுவின் கடனைக் குறித்த ‘துண்டு’ தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. கடனைச் செலுத்திய தோட்டமே அவர்தம் உழைப்பைப் பெற்றது. இம்முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

ஆகவே, சட்டம் ‘சுதந்திர உழைப்பு’ எனக் கூறியது நடைமுறையிற் கடன்பட்ட உழைப்பாகவே அமைந்தது. கிராமத்தவன் காட்டை இழந்தான். அக்காட்டைத் தோட்டமாக்கிய தொழிலாளி ஒரு துண்டு நிலத்தையும் பெறவில்லை. இவ்விருவரையும் இனத்தால் வேறுபடுத்தி, ஒருவர் இழப்புக்கு மற்றவரைக் காரணமாக்கும் வரலாறு உண்மைக் காரணத்தை மறைத்துவிடுகின்றது. இருவர் நிலையும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகளென நோக்கப்படல் வேண்டும்.