விளக்கு யாருக்கு?

சென்னையின் கலங்கரை விளக்கம் இதுவரை நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. 1796இல் கோட்டைக்குள், வணிகர்கள் கூடிய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெய் விளக்கு. 1844இல் கோட்டைக்கு வடக்கே கல்தூண். 1894இல் உயர் நீதிமன்றக் கோபுர முகட்டில். 1977இல் மெரினாவில். முதலில் சரக்கின் தலைமேல், பிறகு சட்டத்தின் தலைமேல். கட்டடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் தூணின் உயரத்தை அளப்பதோடு சரி.

விளக்கு செய்த வேலை பாதிதான். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. வெளிச்சத்தைப் பார்த்து வந்த கப்பல் கரைக்கு எட்டவே நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கப்புறம்? நடுவில் அலை. வெள்ளைக்காரத் துரையின் படகு அந்த அலையில் உடைந்து போகும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுதான் வளைந்து கொடுத்துக் கரைசேரும். தள்ளியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். கடிதங்கள் கட்டுமரத்தில் போயின. கவர்னர் முதல் துணிமூட்டை வரை எல்லாம் இவர்கள் கையால்தான் இறங்கின. கட்டத் தொடங்கிய துறைமுகத்தையும் 1881இல் புயல் சிதைத்துப் போட்டது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், கம்பெனிக்கும் சர்க்காருக்கும் துறைமுகமாக இருந்தது மனித உடம்பு.

அந்த உடம்புக்கு விளக்கு தேவைப்படவில்லை. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரம் ஒரு மரம் என்று, நேர்பிடித்துத் தன் இடத்தைக் கண்டுகொள்ளும் அறிவு அவர்களிடம் இருந்தது. அது எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, சொல்லுங்க?

மெரினா கோபுரம் எழும்பிய எட்டாம் வருஷம், 1985இல், கடற்கரையை அழகுபடுத்துவதென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தக் கிளம்பினார்கள். டிசம்பரில் போலீஸ் சுட்டது. மீனவர்கள் செத்தார்கள். கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பது காவல்துறைத் தலைமையகம் என்பதைத் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

2013இல் இந்தக் கோபுரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். லிஃப்ட் உண்டு. மேலே போகிறவர்கள் கடலைத்தான் பார்க்கிறார்கள். கொஞ்சம் தெற்கே திரும்பி, காலடியில் நொச்சிக்குப்பத்தையும் லூப் சாலையையும் பாருங்க. அந்தச் சாலையோர மீன் கடைகளை 2023 ஏப்ரலில் அகற்றினார்கள். மீனவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 2024இல் அரசு அங்காடி கட்டித் திறந்தது. அகற்றச் சொன்ன உத்தரவு உயர் நீதிமன்றத்தினுடையது. 83 வருஷம் தன் தலையில் விளக்கைச் சுமந்த அதே நீதிமன்றம்.