காஞ்சனா இல்லாத காஞ்சனா

'காஞ்சனா'வை 2011ல் கள்ளக்குறிச்சியில் பார்த்தேன். பி.ஏ. ஆங்கிலம் முடித்து, வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். 2019 ஏப்ரலில் அதே ஊரில் 'காஞ்சனா 3' பார்த்தபோது வங்கி குமாஸ்தா ஆகியிருந்தேன். இந்த எட்டு வருஷத்தில் பேய்க்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ராகவா லாரன்சின் இந்த வரிசை 2007ல் 'முனி'யோடு தொடங்கியது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் ஆவி ஒரு பயந்தாங்கொள்ளியின் உடலில் புகுந்து பழி தீர்க்கும். சட்டகம் இவ்வளவே. ஆனால் சரத்குமார் ஏற்ற காஞ்சனா என்ற திருநங்கைக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. பெற்றவர்கள் விரட்டுகிறார்கள்; முஸ்லிம் ஒருவர் அடைக்கலம் தருகிறார். இன்னொரு திருநங்கையை வளர்த்து மருத்துவம் படிக்கவைக்கிறாள். ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பறித்துக்கொள்கிறான். அதுவரை சிரித்த கொட்டகை அங்கே அடங்கிப்போயிற்று. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலைக்குப் பக்கத்து ஊர் இது. நிலம் பறிபோவதென்றால் என்னவென்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

'காஞ்சனா 3'ல் காஞ்சனா இல்லை. காளி என்ற வேறு ஆவி. அந்த வேஷமும் லாரன்சே. ஆதரவற்றவர்களைக் காப்பவன், ஆகவே நல்லவன், ஆகவே கொல்லப்படுகிறான். விண்ணப்பப் படிவத்தில் காலியிடங்களை நிரப்புவது போல அவனுக்குத் துயரத்தை நிரப்பியிருக்கிறார்கள். படம் வசூலில் தோற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1980ல் வந்த 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' படத்தில் கொலைகாரி, நீரில் மூழ்கிய மகனுக்காகப் பழிவாங்கும் ஒரு தாய். இரண்டாவது படத்தில் அந்த மகனே கொலைகாரனாகிவிட்டான். மூன்றாவதில், 1982ல், அவனுக்கு ஹாக்கி முகமூடி கிடைத்தது. அப்புறம் முகமூடி மட்டும் போதுமானதாயிற்று.

திரும்பச் செய்வதே குற்றம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. இதே மாவட்டத்துக் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் ஒரே கதைதான். களப்பலியாகப் போகும் அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளை உடுத்து அழுகிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அழுகை பழசாவதில்லை. யாருக்காக அழுகிறோம் என்பதை அவர்கள் மறக்காததுதான் காரணம். சடங்கு இறந்தவனை நினைவில் வைத்திருக்கிறது. சினிமாவுக்கு அவன் பெயர் போதும், போஸ்டரில் போட.

அந்தச் சித்திரையில் எனக்கு முன்வரிசையில் இரண்டு திருநங்கைகள் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் இளையவள் கேட்டாள்: "அக்கா, காஞ்சனா எப்போ வருவா?"

மற்றவள் பதில் சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினாள்.